கொதிக்கும் மணல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது தெருவோரத்தில் கடலை வறுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பெரிய இரும்புச் சட்டி. அதில் பாதியளவுக்குக் கறுத்துப்போன மணல். அடியில் எரியும் அடுப்பு. ஒருபிடி நிலக்கடலையை மணலில் போட்டு இரும்புக் கரண்டியால் விடாமல் புரட்டுகிறார். சில நிமிடங்களில் சல்லடையில் அள்ளிச் சலிக்கிறார். மணல் சட்டிக்குள் விழுகிறது. கடலை சல்லடையில் நிற்கிறது. ஒரு கடலைகூடக் கருகவில்லை.

இங்கே மணலுக்கு என்ன வேலை? வெறும் சட்டியில் கடலையைப் போட்டால் அது சட்டியை ஓரிரு இடங்களில் மட்டுமே தொடும். தொட்ட இடம் கருகும்; மற்ற இடம் பச்சையாகவே இருக்கும். மணலில் புதைந்த கடலையையோ எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான சூடான மணிகள் தொடுகின்றன. ஒரு மணி தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு விலகினால் அடுத்த மணி அந்த இடத்துக்கு வருகிறது. அப்படி வரவைப்பது கடலைக்காரரின் கை. அவர் கை ஓய்ந்தால் அடி மணல் கொதிப்பாகவும் மேல் மணல் ஆறியும் போய்விடும், கடலையும் கெட்டுவிடும்.

அந்தக் கைக்குப் பதிலாகக் காற்றே மணலைக் கிளறினால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் பாய்மப் படுகை உலை. நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கவும், கனிமங்களை வறுக்கவும், எஃகைப் பதப்படுத்தவும், உமியை எரிக்கவும் இன்று இது பயன்படுகிறது. பெரிய உலையைக் கட்டுமுன் அதன் குழந்தை வடிவம் ஒன்றை ஆய்வுக்கூட மேசைமேல் வைத்துச் சோதிப்பது வழக்கம். குழந்தை சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கோடிக்கணக்கான ரூபாய் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கு விடை காண உங்களுக்குத் தெரிந்த பௌதிகமே பெரும்பாலும் போதும்.

மணல் எப்போது நீராகிறது?

செங்குத்தாக நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் அடியில் நுண்துளைகள் கொண்ட தட்டு. தட்டின்மேல் மணல். தட்டின் கீழிருந்து காற்றை மெல்ல அனுப்புகிறோம் என்று கொள்ளுங்கள்.

காற்று குறைவாக இருக்கும்போது மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியே நுழைந்து மேலே போய்விடும். மணல் அசையாது. காற்றைக் கூட்டக் கூட்ட, மணிகளை உரசிச் செல்லும் காற்று அவற்றை மேல்நோக்கி இழுக்கும் விசையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அந்த விசை மணலின் எடைக்குச் சமமாகிறது. அந்தக் கணத்தில் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதை விட்டுக் காற்றில் மிதக்கத் தொடங்குகின்றன. படுகை சற்றே உப்புகிறது. இன்னும் கொஞ்சம் காற்றைக் கூட்டினால் குமிழிகள் கிளம்பி, மேற்பரப்பில் உடைந்து, மணல் கொதிப்பதுபோல் தோன்றுகிறது. அது வெறும் தோற்றம் மட்டுமன்று. குழாயைச் சாய்த்தால் மணலின் மேல்மட்டம் நீரைப்போலக் கிடைமட்டமாகவே நிற்கும். பக்கத்தில் துளையிட்டால் மணல் பீறிட்டு ஓடும். தக்கையைப் போட்டால் மிதக்கும். இரும்புக் குண்டைப் போட்டால் மூழ்கும். ஆர்க்கிமிடீசு தத்துவம் மணலுக்கும் பொருந்திவிடுகிறது!

இந்த நிலை எந்த வேகத்தில் வரும் என்பது மணியின் அளவைப் பொறுத்தது. சிறு மணிகளுக்கு அந்த வேகம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0.1 மி.மீ. விட்டமுள்ள மணலுக்கு நொடிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகமே போதும். 0.2 மி.மீ. என்றால் சுமார் மூன்றரை செ.மீ. வேண்டும். அதாவது விட்டம் இரட்டித்தால் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மிளகு, கொத்தமல்லி போன்ற பெரிய மணிகளுக்கு வந்துவிட்டால் இந்த எளிய விதி செல்லாது. அவற்றுக்கு நொடிக்கு 1 மீட்டர் அளவில் காற்று தேவை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். சுமார் இரண்டரை செ.மீ. விட்டமும் ஒரு முழ நீளமும் உள்ள, இருபுறமும் திறந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வேண்டும். அடிவாயில் நெருக்கமாக நெய்த பாப்ளின் துணியை நான்கு மடிப்பாக மடித்து இழுத்துக் கட்டுங்கள். (சத்திரப்பட்டியில் நெய்யும் பாண்டேஜ் துணி இதற்கு உதவாது, மணல் முழுவதும் கீழே கொட்டிவிடும்.) அதன் அடியில் ரப்பர் அடைப்பானால் மூடி, நடுவில் துளையிட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பின் குழாயைச் செருகுங்கள். ஆற்றுமணலைக் கலங்கல் போகக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வீட்டில் உள்ளவற்றிலேயே நெருக்கமான சல்லடையில் சலித்து, 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். பம்பை ஓட்டிக் காற்றுக் குழாயைக் கிள்ளியும் தளர்த்தியும் பாருங்கள். மணல் தூசு மூச்சில் போகாமல் நுண்தூசைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலுக்குப் பெரும் தீங்கு செய்வது.

இனி ஓர் அளவீடு. துணிக்குச் சற்று மேலே குழாயின் பக்கத்தில் சிறு துளையிட்டுத் துணித்துண்டால் மறைத்து, அதை நீர் நிரம்பிய 'ப' வடிவக் குழாயோடு இணையுங்கள். காற்றைக் கூட்டும்போது நீர்மட்ட வேறுபாடு ஏறிக்கொண்டே போகும். மணல் கொதிக்கத் தொடங்கியதும் அது நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு காற்றை விட்டாலும் ஏறாது. எந்த மதிப்பில் நிற்கும்? மணலின் எடையைக் குழாயின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 10 செ.மீ. மணல் என்றால் ஏறத்தாழ 75 கிராம். குழாயின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர செ.மீ. ஆக ஒரு சதுர செ.மீட்டருக்கு 15 கிராம் எடை, அதாவது 15 செ.மீ. நீர். மணலைத் தராசில் வைக்காமலே எடை போட்டுவிட்டீர்கள்!

எங்கள் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டு வாதாடினார்கள். காற்றைக் கூட்டிக்கொண்டு போகும்போது நீர்மட்டம் 15-ஐச் சற்றே தாண்டிவிட்டுப் பிறகு சரிகிறது. குறைத்துக்கொண்டு வரும்போது அந்த மேடு இல்லை. காரணம் எளியது. அழுந்திக் கிடக்கும் மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டும் சுவரில் உரசிக்கொண்டும் இருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்கக் கொஞ்சம் கூடுதல் விசை வேண்டியிருக்கிறது. ஒருமுறை தளர்ந்துவிட்டால் பூட்டு இல்லை.

எல்லாத் தூள்களும் இப்படி நடந்துகொள்ளா. மைதா மாவைப் போட்டுப் பாருங்கள். அது கொதிக்காது. காற்று ஏதேனும் ஓரிடத்தில் எலி வளை போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். மிக நுண்ணிய துகள்களில் எடையைவிடத் துகள்களுக்கு இடையேயான ஒட்டுவிசை மேலோங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் கெல்டார்ட் 1973-இல் தூள்களை இந்தக் குணத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார். மைதா போல முரண்டு பிடிப்பவை ஒரு வகை. அதைவிடச் சற்றுப் பெரிய, குமிழி இல்லாமலே மெத்தென உப்பும் தூள்கள் ஒரு வகை. மணலைப் போல உடனே குமிழியிடுபவை ஒரு வகை. மிளகு, கடலை போன்ற பெருமணிகள் ஒரு வகை. துகளின் அளவும் அடர்த்தியும் தெரிந்தால் ஒரு தூள் எந்த வகை என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தத் துறையில் வேலை செய்வோர் எல்லாரும் முதலில் புரட்டும் படம் அது.

உங்கள் மாவட்டத்திலும் இந்த வித்தை நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. துலுக்கபட்டியை அடுத்த ராமசாமி ராஜா நகரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து சிமெண்ட் ஆலை உண்டு. சிமெண்ட் ஆலைகளில் தூளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு அனுப்ப, சற்றே சரிந்த தொட்டி ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் தரை தடித்த துணியால் ஆனது. துணியின் அடியிலிருந்து காற்றை விட்டால் சிமெண்ட் தூள் வாய்க்கால் நீர் போல ஓடிவிடும். தள்ளுவதற்கு ஆளும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம்.

மேசைமேல் ஓர் உலை

இனி இதைச் சூடாக்குவோம். வீட்டில் அன்று, ஆய்வுக்கூடத்தில்தான்.

ஆய்வுக்கூடப் பாய்மப் படுகை உலை பார்ப்பதற்கு அப்படியொன்றும் பிரமாதமாக இராது. வெப்பம் தாங்கும் எஃகுக் குழாய் ஒன்று. விட்டம் 5 முதல் 10 செ.மீ.; உயரம் ஒரு மீட்டர் அளவு. வெளியே மின்கம்பிச் சுருள். அதைச் சுற்றி வெப்பம் கடத்தாத இழைப் போர்வை. அடியில் நுண்துளைத் தட்டு. அதன்மேல் ஆற்றுமணலோ அலுமினா மணலோ. காற்றை அனுப்ப ஓர் அழுத்தி. காற்றின் அளவைக் காட்ட, உள்ளே குண்டு மிதக்கும் ரோட்டாமீட்டர். மணலுக்குள் வெவ்வேறு உயரங்களில் இரண்டு மூன்று தெர்மோகப்பிள்கள். மேலே, காற்றோடு பறந்து வரும் தூளைச் சுழற்றிப் பிடிக்கும் சைக்ளோன் என்னும் கூம்புப் பாத்திரம். சோதிக்க வேண்டிய பொருளை மணலோடு கலந்தும் விடலாம். கம்பிக் கூடையில் வைத்து உள்ளே இறக்கவும் செய்யலாம்.

இந்த உலையின் பெருமை அதன் சீரான வெப்பநிலை. சாதாரண மின் உலையில் சுவரோரம் ஒரு வெப்பநிலை, நடுவில் ஒரு வெப்பநிலை. இங்கேயோ மேலே உள்ள தெர்மோகப்பிளும் கீழே உள்ளதும் சில டிகிரி வேறுபாட்டுக்குள் ஒன்றையே காட்டும். மணிகள் ஓயாமல் மேலும் கீழும் ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்கின்றன. ஒரு கன மீட்டர் மணல் தன் வெப்பநிலை ஒரு டிகிரி உயர வாங்கிக்கொள்ளும் வெப்பம், ஒரு கன மீட்டர் காற்று வாங்கிக்கொள்வதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அத்தகைய சுமைகூலிகள் கோடிக்கணக்கில் ஓடினால் வெப்பம் எங்கே தேங்கி நிற்கும்? சூடான காற்றில் தொங்கவிட்ட இரும்புத் துண்டைவிடக் கொதிக்கும் மணலில் விட்ட துண்டு பத்து முதல் இருபது மடங்கு விரைவாக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கருவிகளைச் செய்வோர் எஃகைக் கடினமாக்கவும், தெர்மோகப்பிள்களைச் சரிபார்க்கவும் இத்தகைய மணல் குளியலைப் பயன்படுத்துவது இதனால்தான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பாய்மப் படுகையில் கோதுமையை வறுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் கடலைக்காரரின் சட்டிக்கு அது தூரத்துச் சொந்தம்.

இங்கே ஒரு சிறு புதிர். அறை வெப்பநிலையில் படுகையைக் கொதிக்க வைக்க நிமிடத்துக்கு 8 லிட்டர் காற்று தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மணலை 800 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால் ரோட்டாமீட்டரில் எவ்வளவு காற்றை விட வேண்டும்? அதே 8 லிட்டர் என்பீர்கள். ஏறத்தாழ 1 லிட்டர் போதும்! முதற் காரணம் சார்லஸ் விதி. 300 கெல்வினில் நுழையும் காற்று 1073 கெல்வினை அடையும்போது கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு விரிகிறது. ஆகவே உள்ளே வேகமும் அத்தனை மடங்கு கூடிவிடுகிறது. இரண்டாவது காரணம் பலருக்கு வியப்பளிக்கும். எண்ணெயைச் சூடாக்கினால் அதன் பாகுநிலை குறையும். காற்றைச் சூடாக்கினால் கூடும். 800 டிகிரியில் காற்றின் பாகுநிலை இரண்டு மடங்குக்குமேல் ஆகிவிடுகிறது. பாகுநிலை கூடிய காற்று மணியை வலுவாக இழுக்கிறது. இரண்டு காரணங்களும் பெருக்கிக்கொண்டால் எட்டு மடங்கு கணக்கு சரியாக வந்துவிடும். இதை மறந்து, குளிர்ந்த நிலையில் வைத்த காற்றின் அளவை அப்படியே விட்டுவிட்டுச் சூடாக்கினால் மணல் அளவுக்கு மீறிக் கொதித்து, அதில் ஒரு பகுதி சைக்ளோனுக்குப் பறந்து போகக்கூடும்.

கட்டியாகும் படுகை

இத்தகைய சிறு உலையில் எதைச் சோதிக்கிறார்கள்? எவ்வளவோ உண்டு. ஒரு கனிமம் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் வறுபடுகிறது, துகள்கள் மோதி மோதி எவ்வளவு தேய்கின்றன, வெளிவரும் வாயுவில் என்னென்ன இருக்கின்றன என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: படுகை எப்போது ஒட்டிக்கொண்டு கட்டியாகும் என்ற சோதனை.

கான்சாபுரம், வத்திராயிருப்பு, கூமாபட்டி வட்டாரத்தில் வயலும் தென்னந்தோப்பும் அடுத்தடுத்து இருக்கும். நெல்லைக் குத்தினால் உமி. தென்னையில் மட்டை, பாளை, நார்க்கழிவு. இரண்டுமே எரிபொருள்தான், இரண்டும் ஒன்றல்ல. உமியை எரித்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சாம்பல் நிற்கும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. சிலிக்கா எளிதில் உருகாது. தென்னைக் கழிவின் சாம்பல் குறைவு. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. பொட்டாசியம் மணலில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்தால் ஒருவகைக் கண்ணாடி உண்டாகிறது. அந்தக் கண்ணாடி 800 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். உருகியது மணிகளின்மேல் பசை போலப் படிகிறது. மணி மணியோடு ஒட்டுகிறது. ஒட்டிய கட்டியைக் காற்றால் தூக்க முடியாது. அந்த இடத்தில் கிளறல் நின்றுவிடுவதால் வெப்பம் தேங்குகிறது. வெப்பம் தேங்குவதால் இன்னும் உருகுகிறது. சில நிமிடங்களில் படுகை முழுவதும் ஒரே பாறை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வேலை பார்க்கும் ஆலையில் இது நடந்தது. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். உமிக்கென்று அமைத்த பாய்மப் படுகைக் கொதிகலன் அது. உமி கிடைக்காத ஒரு மாதத்தில், மலிவாகக் கிடைத்த தென்னைக் கழிவையும் வேறு தோட்டக் கழிவுகளையும் போட்டு எரித்தார்கள். முதல் நாள் நன்றாகவே எரிந்தது. இரண்டாம் நாள் இரவு நின்றுவிட்டது. உலை ஆற ஒரு நாள். பிறகு ஆட்கள் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் மூன்று நாள் பாறையை உடைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் ஆலை மூடிக் கிடந்தது. தினக்கூலிக்காரர்களுக்கு அந்த வாரக் கூலியும் இல்லை.

ஒரு கிலோ தென்னைக் கழிவும் ஒரு நாள் பொழுதும் இருந்தால் மேசைமேல் உள்ள உலையே இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும். சோதிப்பது இப்படித்தான். எரிபொருளைச் சிறிது சிறிதாக விட்டு வெப்பநிலையை மெல்ல ஏற்றுவார்கள். கண் முழுவதும் இரண்டு கருவிகளின்மேல் இருக்கும். ஒன்று, நீங்கள் வீட்டில் செய்த அதே அழுத்தமானி. படுகை மிதந்துகொண்டிருக்கும் வரையில் அது எடைக்குரிய அளவிலேயே நிற்கும். மற்றொன்று, மேலும் கீழும் வைத்த தெர்மோகப்பிள்கள். படுகை கிளறப்படும் வரையில் இரண்டும் ஒன்றையே காட்டும். மணிகள் ஒட்டத் தொடங்கிய உடனே காற்று எலி வளை வழியே ஓடிவிடுவதால் அழுத்தம் திடீரென்று சரிகிறது. இரண்டு வெப்பநிலைகளும் பிரிகின்றன. அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, இந்த எரிபொருளை இதற்கு இத்தனை டிகிரி கீழேதான் எரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். மணலை மாற்றி வேறு கனிமத்தைப் போட்டும் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் சிறிய உலை சொல்வது பெரிய உலைக்கும் பெரும்பாலும் பொருந்தும். உருகுவது வேதியியல், வேதியியலுக்குக் குழாயின் அகலம் ஒரு பொருட்டன்று.

குமிழிக்கோ அகலம்தான் பொருட்டு.

பிரவுன்ஸ்வில் பாடம்

பாய்மப் படுகையின் கதை ஒரு மூசையில் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் என்பவர் 1921 டிசம்பரில், கரித்துகள்கள் இருந்த மூசையின் அடியில் எரிவாயுப் புகையைச் செலுத்தியபோது, துகள்கள் எழுந்து கொதிக்கும் திரவம்போல் ஆடுவதைக் கவனித்தார். அந்த மூசையிலிருந்து ஐந்தே ஆண்டுகளில், 1926-இல், லாய்னா என்னும் ஊரில் 13 மீட்டர் உயரமுள்ள நிலக்கரி வாயு உலை ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்காக அமெரிக்காவில் இன்னொரு பாய்ச்சல் நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லூயிஸ், கில்லிலண்ட் ஆகியோரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, 1942-இல் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் கனத்த எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் பாய்மப் படுகை ஆலை இயங்கத் தொடங்கியது. இன்றும் உலகின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அதன் வாரிசுகள் ஓடுகின்றன.

இந்த வெற்றிகளால் துணிவு பெற்று, 1950 வாக்கில் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரில் ஓர் ஆலை கட்டினார்கள். இயற்கை எரிவாயுவை மாற்றியமைத்து, இரும்பு வினையூக்கித் தூள் கொதிக்கும் படுகை வழியே செலுத்திப் பெட்ரோல் செய்வது திட்டம். சிறிய சோதனை உலையில் இது அருமையாக நடந்தது. உள்ளே போன வாயுவின் மிகப் பெரும் பகுதி எரிபொருளாக மாறியது. ஏறத்தாழ 5 மீட்டர் அகலமுள்ள பெரிய உலையைக் கட்டி ஓட்டினார்கள். அதே தூள், அதே வெப்பநிலை, அதே வாயு. மாறிய அளவோ எதிர்பார்த்ததற்கு வெகு கீழே. திருத்தினார்கள், மாற்றியமைத்தார்கள், எரிவாயு விலையும் எதிராகப் போயிற்று. அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே ஆலை மூடப்பட்டது.

என்ன நடந்தது? ஒரு குமிழியை எடுத்துக்கொள்வோம். நீரில் எழும் பெரிய காற்றுக் குமிழியைப் போலவே மணலில் எழும் குமிழியின் வேகமும் அதன் விட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 5 செ.மீ. குமிழி நொடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் ஏறும். 50 செ.மீ. குமிழி நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குமேல் ஏறும். 1 மீட்டர் ஆழமுள்ள படுகையைச் சிறு குமிழி கடக்க 2 நொடி. பெருங்குமிழிக்கு முக்கால் நொடிகூட வேண்டாம். அதோடு, பெருங்குமிழியின் வயிற்றில் உள்ள வாயுவில் பெரும்பகுதி எந்தத் துகளையும் தொடாமலே மேலே வந்து வெளியேறிவிடுகிறது. கூட்டமான பஸ்ஸின் நடுவில் நிற்பவருக்கு ஜன்னல் காற்று படாததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய சோதனை உலையில் ஏன் இது தெரியவில்லை? குழாயின் அகலமே 10 செ.மீ. என்றால் குமிழி 50 செ.மீ. ஆக வளர்வது எப்படி? சுவர்கள் அதை வளரவிடவில்லை. பேட்டன் ரூஜில் ஏன் தொல்லை இல்லை? அங்கே பயன்படுத்திய தூள் மிக நுண்ணியது. கெல்டார்ட் பின்னர் வகுத்த, மெத்தென உப்பும் வகை. அதில் குமிழிகள் வளர்வதும் உடைவதும் மாறி மாறி நடப்பதால் அவை அளவுக்கு மீறிப் பெருப்பதில்லை. குமிழியைச் சுற்றி வாயு எப்படி ஓடுகிறது என்ற கணிதத்தைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட்சன் 1960-களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்தார். அது பிரவுன்ஸ்வில்லுக்குக் காலம் கடந்து வந்த விடை.

படிப்படியாக

நம் நாட்டில் இந்தப் பாடத்தைப் பொறுமையாகக் கற்றவர்கள் பாரத மிகுமின் நிறுவனத்தார். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம்; நூற்றுக்கு 35 முதல் 45 பங்கு வரைகூட இருக்கும். சாம்பலை உருக்கி வடிக்கும் வெளிநாட்டு வாயு உலைகளில் இதைப் போட்டால், அத்தனை சாம்பலையும் உருக்குவதிலேயே வெப்பம் வீணாகிவிடும். பாய்மப் படுகையிலோ ஏறத்தாழ 1,000 டிகிரியில், சாம்பலை உருகவிடாமல் உலர்ந்தபடியே எடுத்துவிடலாம். ஆகவே ஐதராபாத்தில் உள்ள தங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் நாளொன்றுக்கு 18 டன் நிலக்கரியை வாயுவாக்கும் சோதனை உலையை அமைத்து ஓட்டினார்கள். அதன் பிறகே திருச்சியில், 6.2 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையத்துக்கு, நாளொன்றுக்கு 168 டன் கொள்ளும் உலையைக் கட்டினார்கள். இதற்குள் பத்து மடங்குத் தாவல்தான். 2021-இல் ஐதராபாத்தில் அவர்கள் மறுபடியும் சிறிய உலைக்குப் போனார்கள். நாளொன்றுக்கு 1.2 டன் நிலக்கரியை எடுத்துக்கொள்ளும் பாய்மப் படுகை உலை; அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு நாளொன்றுக்கு கால் டன் மெத்தனால். புதிய பொருளைச் செய்வதானால் படிக்கட்டின் கீழ்ப்படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கிறது.

மேல்படிகளில் ஏறுவதும் எளிதன்று. நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியை எரிக்க, 250 மெகாவாட் திறனுள்ள இரண்டு சுழல் பாய்மப் படுகைக் கொதிகலன்களைக் கட்டினார்கள். இவற்றில் காற்றின் வேகம் மிகுதி. மணலும் சாம்பலும் காற்றோடு மேலே பறந்து, பெரிய சைக்ளோன்களில் பிடிபட்டு, மறுபடி அடிக்கே திரும்பும். குஜராத்தில் சூரத்துக்கு அருகில் 125 மெகாவாட் அளவில் இவ்வகை ஏற்கெனவே ஓடியது. இருமடங்காக்கியபோது தொல்லைகள் வந்தன. திட்டமிட்டதற்குப் பல ஆண்டுகள் பின்தங்கி, 2015-இல்தான் இரண்டும் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. இருமடங்குக்கே இப்படி என்றால் மேசை உலையிலிருந்து ஒரே தாவலில் ஆலைக்குத் தாவுவதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதனால் பொறியாளர்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். வேதியியலை அறியச் சிறிய சூடான உலை. குமிழிகளை அறியப் பெரிய குளிர்ந்த உலை. அதில் நெருப்பே கிடையாது. ஒளிபுகும் பிளாஸ்டிக் சுவர்களுக்கு நடுவே வெறும் மணலும் காற்றும் ஓடும். படம் பிடித்துக் குமிழிகளை அளப்பார்கள். இரண்டிலும் கிடைத்த எண்களைச் சேர்த்துத்தான் பெரிய உலையின் கணக்கைப் போடுகிறார்கள்.

குளிர்ந்த உலைப் பகுதியை நீங்களும் செய்யலாம். முதல் குழாயின் பக்கத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள மற்றொரு குழாயை அதே மணலோடு, அதே 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி நிறுத்துங்கள். பரப்பு நான்கு மடங்கு என்பதால் காற்றும் நான்கு மடங்கு வேண்டும். பம்புகள் இரண்டு மூன்றை ஒன்றாக இணைக்க வேண்டியிருக்கும். மணலின் எடையும் நான்கு மடங்கு. நீர்மட்ட வேறுபாடு எவ்வளவு காட்டும் என்று ஓட்டுமுன் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். பிறகு காற்றைச் சற்றே கூட்டி, இரண்டு குழாய்களின் மேற்பரப்பிலும் உடையும் குமிழிகளின் அகலத்தை அடிக்கோல் வைத்து ஒப்பிடுங்கள். சிறிய குழாயில் 20, 30 செ.மீ. உயரத்துக்கு மணலை நிரப்பினால், குமிழி குழாயின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு, மேலே உள்ள மணலைப் பிஸ்டனைப் போல அப்படியே தூக்கிக்கொண்டு எழுவதையும் காணலாம். அந்தப் பிஸ்டன் பெரிய குழாயில் தோன்றுகிறதா என்று பாருங்கள்.